தென்கரையில் ஆளில்லை

அனுப்புநர்:
(பெயரும் கையொப்பமும் மனுவின் இறுதியில்)
செம்பாறை ஓடை வடகரை,
போடிநாயக்கனூர்,
தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு சிறப்பு அலுவலர் அவர்கள்,
ஓடைக்கரை வெள்ளத் தடுப்புப் பணிகள்,
தேனி.

பொருள்: செம்பாறை ஓடை – வடகரையில் மட்டும் தடுப்புச் சுவர் எழுப்பும் திட்டம் – தென்கரைக் குடியிருப்பின் வெள்ளச் சேதம் கணக்கில் சேராமல் போனது – மறு கணக்கெடுப்பு முடியும்வரை பணியை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே ஓடை குறித்து நான் முன்னர் வெவ்வேறு அலுவலகங்களுக்கு அனுப்பி, மூன்று முறையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவைக்கப்பட்ட மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் வாய் திறக்காமல் இருந்த காலம் போதும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மூன்றாவது மனு முடித்துவைக்கப்பட்ட அன்று, இனி எந்த அலுவலகத்துக்கும் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். என் மனைவி அந்த முடிவை வரவேற்றார். வீட்டில் நிம்மதி திரும்பும் என்றார். ஓரளவு திரும்பவும் செய்தது. சென்ற ஐப்பசியில் ஓடை கரையை மீறி வந்தபோதுகூட நான் எழுதவில்லை. ஆனால் தங்கள் திட்டத்தின்படி அந்த ஓடையின் ஒரு கரையில் மட்டும் சுவர் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, நான் மௌனமாக இருப்பதும் அந்தச் சுவருக்கு ஒரு கல் எடுத்துக் கொடுப்பதும் ஒன்றுதான் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

1. முதலில் என்னைப் பற்றி. பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன். தனியார் கல்லூரி ஒன்றில் நீண்ட காலம் அதே பாடத்தைக் கற்பித்தேன். துறைத் தலைவர் பதவி எனக்கு வரவேண்டிய ஆண்டில் அது என் மாணவராக இருந்த ஒருவருக்குக் கொடுக்கப்பட்டதால் வெளியேறினேன். அந்தக் கல்லூரியைப் பற்றி எழுத இந்த மனு இடமல்ல. வேறு இடம் கிடைத்தால் எழுதுவேன். இப்போது வீட்டிலேயே சில மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். என் வீடு வடகரையில் இருக்கிறது. தாங்கள் கட்டவிருக்கும் சுவர் என் வீட்டுக்குப் பின்புறமாகத்தான் போகிறது. எனக்கு நன்மை தரும் ஒரு பணியை நிறுத்தச் சொல்லித்தான் மனுச் செய்கிறேன் என்பதைத் தாங்கள் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. அடுத்து, என் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. வடகரையில் என் வீட்டிலிருந்து நான்காவது கட்டடம் என் மைத்துனர் திரு. முத்துக்கிருஷ்ணன் அவர்களின் ஏலக்காய் குடோன். என் மனைவியின் உடன்பிறந்த அண்ணன். குடும்பச் சொத்தைப் பிரித்தபோது என் மனைவிக்குச் சேரவேண்டிய ஓடையோர இடத்தை அவர் தம் பங்கோடு சேர்த்துக்கொண்டார். பிறகு லாரி பின்பக்கமாக வந்து நின்று லோடு ஏற்றுவதற்காக, ஓடைக்குள் பாதி தூரம் கல்லும் சிமெண்டும் போட்டு ஒரு மேடை கட்டினார். ஓடை அந்த இடத்தில் பாதியாகக் குறுகி, எதிர்க்கரைப் பக்கம் திரும்புகிறது. என் மூன்று மனுக்களும் அந்த மேடையைப் பற்றியவை. மூன்றும் விசாரணைக்கு அனுப்பப்பட்டன. விசாரிக்க வந்தவர்கள் ஓடைக்கு வரவில்லை. என் வீட்டுக்கு வந்து என்னை விசாரித்தார்கள். பிறகு மைத்துனர் வீட்டில் காபி சாப்பிட்டுவிட்டு, "மனுதாரர் முன்விரோதம் காரணமாக இம்மனுவை அளித்துள்ளார்" என்று எழுதினார்கள்.

ஐயா, முன்விரோதம் உண்மை. நான் மறுக்கவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் மகன் வீட்டு விசேஷத்துக்கு அவரும் வரவில்லை. ஆனால் மேடையும் உண்மை. எங்களுக்குள் பேச்சுவார்த்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடை அந்த இடத்தில் குறுகித்தான் ஓடுகிறது.

3. இனி மழையைப் பற்றி. முன்பெல்லாம் இந்த ஊரில் மலைக்கு மேலே கறுத்தால் கீழே காயும் துணியை எடுப்பார்கள், அவ்வளவுதான் மழை. ஆடியில் மேலே சாரல், ஐப்பசியில் கீழே அடைமழை என்று ஒரு ஒழுங்கு இருந்தது. இப்போது கோடை நீண்டுகொண்டே போகிறது. இரண்டு கோடைகளுக்கு முன் மேலே ஏலச்செடிகள் நின்ற நிலையில் காய்ந்து வைக்கோல் போல மடங்கின. பிறகு பல வாரங்களில் பெய்யவேண்டிய மழை ஒரே மதியத்தில் கொட்டுகிறது. காய்ந்து இறுகிய சரிவு நீரைக் குடிப்பதில்லை. மண்ணையும் சேர்த்துக் கீழே அனுப்புகிறது. காலநிலை மாறுகிறது என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். எங்களுக்கு அது செம்பாறை ஓடையின் சத்தமாகத்தான் தெரியும். முன்பு அந்த ஓடையில் தண்ணீர் வருவது தெருவில் சிறுவர்கள் ஓடிவந்து சொல்லித்தான் தெரியும். இப்போது பாறை உருளும் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது.

செடி காய்ந்த கோடையையும் ஓடை உடைத்த ஐப்பசியையும் இரண்டு தனித்தனி ஆபத்துகளாக அரசு எழுதுகிறது. வறட்சிக்கு ஒரு கோப்பு, வெள்ளத்துக்கு ஒரு கோப்பு. ஆனால் இரண்டும் வந்து விழுவது ஒரே வீட்டின் மேல். ஏலம் புதிதாக நட்டால் காய் பார்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை எஸ்டேட்டில் ஆள் குறைப்பு. வாரத்தில் ஆறு நாள் மேலே போனவர்கள் நான்கு நாள் போனார்கள். கையில் இருந்ததைத் தின்று முடித்தார்கள். கையில் ஒன்றுமில்லாத நேரம் பார்த்துத்தான் வெள்ளம் வந்தது.

4. தென்கரையைத் தாங்கள் நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். அங்கே ஓடையை ஒட்டி நாற்பது வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் மலைக்கு ஜீப்பில் போகும் குடும்பங்கள். விடியும் முன் ஜீப்பு வரும். ஆணும் பெண்ணும் ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டு தாண்டி எஸ்டேட்டில் காய் பறித்துவிட்டு மாலை மங்கும்போது இறங்குவார்கள். பிள்ளைகள் தாங்களே குளித்து, சாப்பிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விடும். ஆகவே வேலை நாட்களில் பகல் முழுவதும் அந்தத் தெருவில் கதவுகள் பூட்டியிருக்கும். சோம்பேறித்தனம் இல்லாத தெரு பகலில் இப்படித்தான் இருக்கும்.

வெள்ளம் வந்ததும் பகலில்தான். மேலே அவர்கள் காய் பறித்துக்கொண்டிருந்தபோது கீழே அவர்கள் வீட்டுக்குள் ஓடை நுழைந்தது. மலைப்பாதையில் பாறை சரிந்ததால் ஜீப்புகள் இறங்க முடியவில்லை. பிள்ளைகளைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டு சோறு போட்ட ஆசிரியைகளுக்கு இந்த ஊர் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. மறுநாள் மதியம் பெற்றோர் வந்து சேர்ந்தபோது பூட்டுகள் பத்திரமாக இருந்தன. கதவுக்குக் கீழேயும் சுவரில் விழுந்த ஓட்டை வழியாகவும் போன தண்ணீர் பூட்டைத் தொடவில்லை.

5. அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த மனுவின் காரணம். தண்ணீர் வடிந்து சில நாட்கள் கழித்துச் சேதக் கணக்கெடுப்புக் குழு ஒன்று வந்தது. எந்தத் துறை என்று நான் குறிப்பிடவில்லை. வந்தவர்கள் இளைஞர்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. முற்பகலில் வந்தார்கள். வடகரையில் எல்லா வீட்டிலும் குடோனிலும் ஆள் இருந்தது. என் வீட்டில் காம்பவுண்டுச் சுவர் ஒருபக்கம் சாய்ந்ததையும், மாடியில் வைத்திருந்ததால் என் புத்தகங்களுக்குச் சேதமில்லை என்பதையும் நானே சொன்னேன். நிலைக்கதவில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு சரிக்குறி போட்டுவிட்டுத் தரைப்பாலத்தைத் தாண்டித் தென்கரைக்குப் போனார்கள். போன வேகத்தில் திரும்பினார்கள். என்ன தம்பி, முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"எல்லாம் பூட்டிக் கெடக்கு சார். ஆளே இல்ல."

மலைக்குப் போயிருக்கிறார்கள், ஆறு மணிக்கு மேல் வந்தால் எல்லாரும் இருப்பார்கள் என்று சொன்னேன். மறுபடி வருவதாகச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். மறுபடி வரவில்லை.

6. வடகரையின் சேதம் பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நனைந்த ஏலக்காய் நிறம் போய்விடும். நிறம் போன காயை ஏலத்தில் யாரும் சீண்டமாட்டார்கள். மைத்துனரின் குடோனில் மட்டும் பல மூட்டைகள் போயின. அவற்றுக்குக் காப்பீடு இருந்தது. நனையாமல் மேல் அடுக்கில் இருந்த மூட்டைகளுக்கு, வரத்துக் குறைந்ததால் விலையும் கூடியது. அவர் நஷ்டப்படவில்லை என்று நான் சொன்னால் அது முன்விரோதம் ஆகும். ஆகவே அவர் இந்தத் தையில் புது வண்டி வாங்கினார் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

தென்கரையில் போனவற்றுக்கு விலை போட்டால் சிரிப்புதான் வரும். மாவு அரைக்கும் கிரைண்டர், தையல் மெஷின், ரேஷன் அரிசி, இரண்டு ஆடு, பள்ளிப் புத்தகம், சமையல் காஸ். ஆனால் நான் வகுப்பில் கற்பித்த பொருளாதாரத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை அந்தத் தெருவில்தான் பார்த்தேன். போன பொருளின் விலைதான் சேதம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றும் இல்லாதவனுக்குச் சேதமே கிடையாது. அவனிடமிருந்து வெள்ளம் எடுத்துப்போவது பொருளை அல்ல, வரும் நாட்களை. பாதை அடைத்துக் கிடந்த நாட்களில் மேலே போகாததால் கூலி இல்லை. மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை மட்டும் பாறை சரிந்தாலும் இறங்கி வந்துவிடுகிறது. அதைக் கட்ட இன்னொரு கடன். ஒரு வீட்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த முத்துப்பிரியா என்ற பெண் இந்த வருடம் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மாவோடு ஜீப்பில் போகிறாள். அவள் படித்து முடித்து வாங்கியிருக்கக்கூடிய சம்பளம் எந்தச் சேதப் பட்டியலில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் அதற்குத் தலைப்பு இல்லை.

7. சென்ற மாதம் சுவர் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் வடகரையில் உள்ள வியாபாரிகள் மண்டபத்தில் நடந்தது. அதையும் வேலை நாளில், முற்பகலில்தான் வைத்தார்கள். தென்கரையிலிருந்து யாரும் வரவில்லை என்பதைத் தனியாக எழுதவேண்டியதில்லை. ஓடையின் வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். வடகரை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். தென்கரையில் வெறும் வட்டங்கள். வரைந்து காட்டிய பொறியாளர் நல்ல மனிதர், மறைக்காமல் பேசினார். ஒரு கரையில் சுவர் வந்தால் தண்ணீர் எதிர்க்கரையில் இன்னும் உயரமாக ஏறும் என்று அவரே சொன்னார். அதனால் என்ன பாதிப்பு என்று ஒரு வியாபாரி கேட்டதற்கு, எதிர்ப்புறம் பாதுகாக்கவேண்டிய குடியிருப்பு இல்லை என்றும், வட்டம் போட்டவை ஆள் வசிக்காத வீடுகள் என்றும், செலவுக்கேற்ற பயன் வடகரையில்தான் இருக்கிறது என்றும் விளக்கினார். மண்டபத்தில் தலையாட்டினார்கள். முதல் வரிசையில் தலையாட்டியவர் யார் என்பதை எழுதமாட்டேன்.

நான் எழுந்து, அந்த வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். பின்னாலிருந்து ஒருவர், "வாத்தியாருக்கு மச்சான் எடத்துக்குச் சொவரு வந்தா வயிறு எரியும்ல" என்றார். மண்டபமே சிரித்தது. பொறியாளர் சிரிக்கவில்லை, ஆனால் என் பேச்சைக் குறித்துக்கொள்ளவும் இல்லை. அருகில் இருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் மூன்று முறை எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.

8. அன்று மாலை தரைப்பாலத்தைத் தாண்டித் தென்கரைக்குப் போனேன். ஜீப்புகள் வந்து நின்று ஆட்கள் இறங்கும் நேரம். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்கு மேலே சுவரில் சிவப்பு வட்டம் இருந்தது. ஏழு மாதமாகியும் அழியவில்லையே என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். வட்டத்தின் மேல் பாலிதீன் தாளை வைத்து நான்கு மூலையிலும் ஆணி அடித்திருந்தார்கள். சில வீடுகளில் பொங்கலுக்கு வெள்ளை அடித்தவர்கள் வட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் அடித்திருந்தார்கள். மங்கிப்போன இடங்களில் செங்கல் துண்டால் மேலே வரைந்திருந்தார்கள்.

முத்துப்பிரியாவின் தாயார் வீரலட்சுமி என்னை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டார். சுவரில் விழுந்த ஓட்டையைச் சாக்கும் தகரமும் வைத்து அடைத்திருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அழிஞ்சிறக் கூடாதுன்னுதான் சார் தாளு வச்சு அடிச்சேன். வட்டம் போட்டுட்டுப் போயிட்டாக, பணம் இன்னும் வரல. கொஞ்சம் மெதுவா வரும்போல. நீங்க படிச்சவுக, எப்ப வரும்னு வெரசாக் கேட்டுச் சொல்லுங்க சார்."

வட்டம் என்றால் என்ன என்று அவரிடம் யார் சொன்னது என்று கேட்டேன். ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு வந்த ஓட்டுநர் காசிமாயன் சிரித்தார். "இத யாராச்சும் சொல்லணுமாக்கும்? மேல ஸ்டோருல என்ன செய்றாக?" என்றார். பிறகு எனக்காக விளக்கினார். அவர்கள் போகும் எஸ்டேட்டுகளில் பறித்த பச்சைக்காயைச் சாக்கில் கட்டி ஸ்டோருக்குக் கொண்டுவந்து எடை போடுவார்கள். எடை போட்டு ஒப்புக்கொண்ட சாக்கின் மேல் கணக்குப்பிள்ளை சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்த சாக்கு கணக்கில் சேர்ந்துவிட்டது. வட்டம் இல்லாத சாக்குக்குக் கூலி கிடையாது. அதனால் வட்டம் விழும்வரை சாக்கைவிட்டு நகரமாட்டார்கள். விழுந்த பிறகு அதை யாரும் அழிக்க விடமாட்டார்கள். மாலையில் இறங்கி வந்து தங்கள் வீட்டுச் சுவரிலும் வட்டத்தைப் பார்த்தபோது அவர்கள் நிம்மதியாகிவிட்டார்கள். நம்மை எண்ணிவிட்டார்கள், இனி எங்கும் போய் நிற்கவேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். ஒருவர்கூட நிவாரண மனுக் கொடுக்கவில்லை. மனுக் கொடுக்கக் கடைசி நாள் மாசியிலேயே முடிந்தும்விட்டது.

ஆளில்லை என்று எழுதிய அடையாளத்தை அந்த ஆட்களே ஏழு மாதம் மழையிலிருந்து காப்பாற்றி வைத்திருந்தார்கள், ஐயா.

அந்த வட்டத்தின் பொருளை வீரலட்சுமியிடம் சொல்லவேண்டிய வேலை எனக்கு வந்தது. சொன்னேன். காசிமாயன் சிரிப்பதை நிறுத்தினார். வீரலட்சுமி வாசலுக்கு வந்து கதவுக்கு மேலே பார்த்தார். பிறகு, "சோலிக்குப் போகாம படுத்துக் கெடந்திருந்தா எண்ணியிருப்பாக, இல்ல சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

முத்துப்பிரியா ஸ்டூலை எடுத்துப் போட்டுத் தாளைப் பிய்க்கப் போனாள். தாயார் தடுத்தார். "கெடக்கட்டும். யாராச்சும் வந்தா காட்டணும்ல" என்றார். அந்த வட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. தாங்கள் வந்தால் காட்டுவார்கள்.

9. ஐயா, இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கணக்கெடுத்தவர்கள் தங்கள் விதிப்படி பூட்டிய வீட்டுக்கு வட்டம் போட்டார்கள். தொழிலாளர்கள் தங்கள் வழக்கப்படி அதை வாசித்தார்கள். பொறியாளர் கொடுத்த கணக்கை வைத்துச் சுவரை வரைந்தார். ஒவ்வொருவரும் தம் வேலையைச் செய்ததால் மட்டுமே ஒரு தெரு காணாமல் போயிருக்கிறது. நான் பழி சொல்லிப் பழகியவன். பழி சொல்ல ஆள் கிடைக்காதது எனக்கே சிரமமாக இருக்கிறது.

ஆனால் விளைவை யோசித்துப் பாருங்கள். எங்கே சேதம் எழுதப்பட்டதோ அங்கே சுவர் வருகிறது. எங்கே எழுதப்படவில்லையோ அங்கே தண்ணீர் திரும்புகிறது. அடுத்த முறை அங்கே சேதம் கூடும். அப்போதும் பகலில் கதவு பூட்டியிருக்கும். அப்போதும் வட்டம் விழும். இனி வரும் மழைகள் சென்ற ஐப்பசியைவிடச் சிறியதாக இருக்கும் என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை. இந்த ஐப்பசிக்குள் வடகரைச் சுவர் எழுந்துவிட்டால், என் வீட்டுக்கு வரவேண்டிய தண்ணீரும் வீரலட்சுமியின் வீட்டுக்குத்தான் போகும். அந்த வீட்டின் அடைத்த ஓட்டையை நான் கையால் தொட்டுப் பார்த்தேன். தகரம் ஆடுகிறது. சென்ற முறை எல்லாரும் மலையில் இருந்தார்கள், உயிர் தப்பியது. ஞாயிற்றுக்கிழமையில் அந்த மழை பெய்தால் வீடுகள் பூட்டியிருக்காது.

ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தயவுகூர்ந்து செய்து தருமாறு வேண்டுகிறேன்.

அ. தென்கரையின் கணக்கெடுப்பை ஞாயிற்றுக்கிழமையிலோ, ஜீப்புகள் திரும்பிய பிறகு மாலையிலோ மீண்டும் நடத்துதல். போன பொருளோடு, போகாத வேலைநாட்களையும் ஏறிய கடனையும் சேர்த்துக் கேட்டு எழுதுதல். கெடு முடிந்துவிட்டது என்று அவர்களைத் திருப்பி அனுப்பாதிருத்தல். கெடு இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

ஆ. அந்தக் கணக்கு முடியும்வரை வடகரைச் சுவருக்கான பணியைத் தொடங்காதிருத்தல். பிறகு கட்டினால் இரு கரையிலும் கட்டுதல். இரண்டுக்கும் நிதியில்லை என்றால் ஒன்றும் கட்டாதிருத்தல். என் காம்பவுண்டுச் சுவர் இன்னொரு பக்கமும் சாய்ந்தால் நான் பொறுத்துக்கொள்வேன்.

இ. ஓடைக்குள் கட்டப்பட்டுள்ள லோடு மேடையை அளந்து பார்த்தல். யார் கட்டியது, யார் புகார் சொன்னது என்பதை விட்டுவிட்டு, ஓடையின் அகலம் அந்த இடத்தில் என்ன ஆகிறது என்று மட்டும் பார்த்தல்.

இதுவரை உள்ளதை நேற்று எழுதி முடித்தேன். இன்று திங்கட்கிழமை, குறைதீர் நாளில் நேரில் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். புறப்படும் முன் என் மனைவி சுகன்யா வாங்கிப் படித்தார். நிதானமாக முழுவதும் படித்தார். அவர் அண்ணனைப் பற்றிய இடங்களில் முகம் மாறியது. ஆனால் எதையும் அடிக்கச் சொல்லவில்லை. மடித்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நம்ம வீட்டுக்குச் சொவரு வேணாம்னு எழுதுற மொத ஆளு நீங்கதான். எழுதுனது எல்லாம் சரிதான். அண்ணன் கட்டுனதும் தப்புத்தான். ஆனா கீழ ஒங்க பேரப் பாத்தா மேல படிக்க மாட்டாக. மறுபடி நம்ம வீட்டுக்குத்தான் வந்து ஒங்களக் கேட்டுட்டு, அண்ணன் வீட்டுல காபி குடிச்சிட்டுப் போவாக. அந்தப் பொம்பள வீட்டுக்கு யாரு போவா?"

நான் அவரிடம் சண்டை போட்டேன். முப்பது வருடம் படித்த படிப்பும் என் பெயரும் ஒரு மனுவுக்குப் பாரமாகிவிட்டன என்பதை யாரும் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பேருந்தை விட்டுவிட்டு மதியம் வரை யோசித்தேன். பெயரில்லாத மனுவை மொட்டைக் கடிதம் என்று ஒதுக்க விதி இருப்பது எனக்குத் தெரியும். கோழைதான் கையெழுத்துப் போடமாட்டான் என்று வகுப்பில் நானே சொன்னதும் நினைவிருக்கிறது. இதைப் படிக்கும் போடிக்காரர் எவரும் எழுதியவன் யார் என்று இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஒளிந்துகொள்வது என் நோக்கம் இல்லை.

ஆனால் கீழே என் பெயர் இருந்தால், இந்த மனுவை முடித்துவைக்க என் வீட்டுக்கு ஒருமுறை வந்தால் போதும். வாக்கியமும் தயாராக இருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் என்னை விசாரிக்க முடியாது. குப்பையில் போடலாம், அல்லது தென்கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். விசாரிப்பதற்கு ஓடையும் அந்த வட்டங்களும் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். மூன்று முறை பெயரோடு எழுதி எனக்குக் கிடைக்காத வாய்ப்பு, ஒருமுறை பெயரில்லாமல் வீரலட்சுமிக்குக் கிடைக்கட்டும்.

மேலே அனுப்புநர் பகுதியில், பெயர் இறுதியில் இருக்கும் என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்தவில்லை. போடவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, மாலைத் தபாலுக்குள் இதைப் பெட்டியில் சேர்க்கிறேன்.

இடம்: போடிநாயக்கனூர்
நாள்: 22.06.2026

இப்படிக்கு,